எட்டிப்பிடிக்க பிரேக் போட வேண்டும்: நிலவுப் பயணத்துக்கு வழி திறந்த ‘சந்திப்பு’

நிலவில் மனிதன் இறங்கிய கதையைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் இரண்டு காட்சிகளைச் சொல்வார்கள். நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்பும் சாட்டர்ன் 5 ராக்கெட், ஏணியில் இறங்கிவரும் ஆம்ஸ்ட்ராங். சரி, திரும்பி எப்படி வந்தார்கள் என்று கேட்டால், ‘இறங்கின கலத்திலேயே கிளம்பி பூமிக்கு வந்துவிட்டார்கள்’ என்பதுதான் பொதுவான பதில்.

அப்படி வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. நிலவில் இறங்கிய கலத்துக்கு வெப்பக் கவசமே கிடையாது. பூமியின் காற்றில் நுழைந்தால் எரிந்து போய்விடும். அது செய்ய வேண்டியிருந்த வேலை வேறு. நிலவுத் தரையிலிருந்து எழும்பி, மேலே சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்தைத் தேடிப்பிடித்து, அதோடு இணைய வேண்டும். பிடிக்கத் தவறினால் வீடு திரும்ப வேறு வழி இல்லை.

இப்படி ஒரு கலம் இன்னொரு கலத்தைத் தேடிப் போய், பக்கத்தில் நின்று, இரண்டும் ஒரே வேகத்தில் ஒரே பாதையில் செல்வதற்குப் பெயர் சந்திப்பு. அதற்குப் பிறகு இரண்டும் தொட்டுப் பூட்டிக்கொள்வது இணைப்பு. 1961 மே மாதம் கென்னடி நிலவை இலக்காக அறிவித்தபோது இவ்விரண்டையும் யாரும் செய்து பார்த்ததில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் 1965, 1966 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இருவர் அமரும் ஜெமினி கலம் 10 முறை ஆட்களோடு பறந்தது. அமெரிக்காவின் முதல் மனித விண்பயணத் திட்டமான மெர்குரிக்கும், நிலவுக்குப் போன அப்பல்லோவுக்கும் நடுவே ஜெமினியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நிலவுப் பயணத்தின் கடினமான பாடம் அங்கேதான் படிக்கப்பட்டது.

எதற்காகச் சந்திக்க வேண்டும்?

மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் ஊர் திரும்பத் தேவையான பெட்டி படுக்கையையெல்லாம் படியேற்றிக் கொண்டுபோவதில்லை. அடிவாரத்தில் வைத்துவிட்டு, கைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள்.

நிலவுப் பயணத்திலும் அதே கணக்குதான். பூமிக்குத் திரும்பத் தேவையான வெப்பக் கவசம், பாராசூட், திரும்பும் எரிபொருள் எல்லாம் நிலவுத் தரையில் எந்தப் பயனும் இல்லாதவை. அவற்றையும் கீழே இறக்கினால் இறக்குவதற்கு எரிபொருள் வேண்டும், மறுபடி தூக்குவதற்கு எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைச் சுமந்து வர இன்னும் எரிபொருள் வேண்டும். முழுக் கலத்தையும் அப்படியே நிலவில் இறக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அதற்கு நோவா என்ற பெயரில் சாட்டர்ன் 5-ஐவிடப் பெரிய ராக்கெட் தேவைப்பட்டது. அது காகிதத்தைத் தாண்டவில்லை.

நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தின் பொறியாளர் ஜான் ஹூபோல்ட் மாற்றுவழி ஒன்றை விடாமல் வலியுறுத்தினார். கனமான கலம் நிலவைச் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். இலேசான ஒரு சிறு கலம் மட்டும் இறங்கித் திரும்பி வந்து அதைப் பிடிக்கட்டும். 1961 நவம்பரில் படிநிலைகளைத் தாண்டி நாசாவின் உயர் அதிகாரி ராபர்ட் சீமன்ஸுக்கு நேரடியாகவே கடிதம் எழுதினார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பூமிக்கு அருகில்கூட யாரும் செய்யாத ஒன்றை 3,80,000 கி.மீ. தள்ளி உயிரைப் பணயம் வைத்துச் செய்வதா என்ற கேள்வி நியாயமானதும்கூட. ஆனால் எடைக் கணக்கு ஹூபோல்ட் பக்கம் இருந்தது. 1962 ஜூலையில் நாசா இந்த வழியை அறிவித்தது.

அப்பல்லோ 11-இல், பூமியிலிருந்து ஏவும்போது சுமார் 29 டன் இருந்த தாய்க்கலம் மேலேயே இருந்தது. இறங்கிய ஈகிள் சுமார் 15 டன். அதன் கீழ்ப்பாதியை நிலவிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிய மேல்பாதி, எரிபொருளோடு சேர்த்து 5 டன்னுக்கும் குறைவு.

இதுவரை பார்த்தது: எடையை மிச்சப்படுத்தத்தான் இரண்டு கலங்கள். இரண்டாகப் பிரிந்த பிறகு மறுபடி சந்தித்தே தீர வேண்டும். அந்தச் சந்திப்பு ஏன் கடினம் என்று புரிய, முதலில் சுற்றுப்பாதை என்றால் என்னவென்று பார்க்க வேண்டும்.

சுற்றுப்பாதை: விழுந்துகொண்டே இருப்பது

விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள் என்பது பரவலான தவறான எண்ணம். 300 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 90 விழுக்காட்டுக்கும் சற்று மேல் இருக்கிறது. அங்கே கலம் மிதக்கவில்லை, விழுகிறது.

ஒரு கல்லை நேராக எறிந்தால் வளைந்து தரையில் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தள்ளி விழும். நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில், காற்றே இல்லாத உயரத்தில் எறிந்தால்? கல் கீழே வளையும் அளவுக்குப் பூமியின் உருண்டையும் வளைந்து விலகிக்கொண்டே போகும். கல் விழுந்துகொண்டே இருக்கும், தரை மட்டும் வராது. இப்படி முடிவில்லாமல் விழும் பாதைதான் சுற்றுப்பாதை. 300 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு 90 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்.

இதில் ஒன்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வட்டப் பாதையில் உயரமும் வேகமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. 300 கி.மீ. உயரம் என்று முடிவானால் வேகமும் முடிவாகிவிடும். அதே உயரத்தில் இருந்துகொண்டு கொஞ்சம் வேகமாகப் போவது என்ற வசதி அங்கே கிடையாது.

முன்னால் போகிறவரைப் பிடிப்பது எப்படி?

சாலையில் நண்பர் 94 கி.மீ. முன்னால் போகிறார் என்றால் ஆக்சிலேட்டரை முறுக்குவோம். சுற்றுப்பாதையில் அப்படி முறுக்கினால் என்ன ஆகும்? கூடுதல் வேகம் கலத்தை வெளிப்பக்கமாக, உயரமான பாதைக்குத் தள்ளும். உயரமான பாதை நீளமானது. அங்கே வேகமும் குறைவு. ஒரு சுற்று முடிவதற்குள் நண்பர் இன்னும் தள்ளிப் போயிருப்பார்.

எனவே செய்ய வேண்டியது தலைகீழானது. பிரேக் போட வேண்டும். வேகம் குறைந்ததும் கலம் தாழ்வான பாதைக்கு இறங்கும். தாழ்வான பாதை குட்டையானது, அங்கே வேகமும் அதிகம்.

ஓட்டப் பந்தய மைதானத்தின் உள்வளையத்தை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே ஓடுகிறவருக்குத் தூரம் குறைவு. ஆனால் இந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். மைதானத்தில் உள்வளையத்துக்கு வந்ததும் கால்கள் தானாக வேகமெடுப்பதில்லை. சுற்றுப்பாதையில் வேகமும் உண்மையிலேயே கூடுகிறது, ஏனென்றால் இறங்கும்போது ஈர்ப்பு கலத்தை இழுத்து வேகப்படுத்துகிறது.

எண்களில் பார்த்தால் இதன் அழகு தெரியும். 300 கி.மீ. வட்டப் பாதையிலிருந்து 290 கி.மீ. வட்டப் பாதைக்கு இறங்க, இரண்டு முறை பிரேக் போட வேண்டும். முதலாவது கீழே இறங்க. அரைச் சுற்றுக்குப் பிறகு இரண்டாவது, அந்த உயரத்திலேயே தங்க. ஒவ்வொன்றும் நொடிக்கு சுமார் 2.9 மீட்டர், மொத்தம் 5.8 மீட்டர். இரண்டு முறை வேகத்தைக் குறைத்த பிறகு கலத்தின் வேகம், தொடங்கியபோது இருந்ததைவிட நொடிக்கு 5.8 மீட்டர் அதிகமாக இருக்கும். இறங்கும் வழியில் ஈர்ப்பு 11.6 மீட்டரைச் சேர்த்துவிட்டது, நாம் பாதியைத்தான் குறைத்தோம்.

பலன்: கீழே இருப்பவர் ஒவ்வொரு சுற்றையும் சுமார் 12 நொடி முன்னதாக முடிப்பார். தூரத்தில் அது சுமார் 94 கி.மீ. உயர வித்தியாசத்தை 9.4-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றில் எவ்வளவு நெருங்கலாம் என்பது கிடைத்துவிடும். முன்னால் போகும் நண்பரை ஒரே சுற்றில் பிடித்தாயிற்று.

சுருக்கமாக: முன்னால் இருப்பவரைப் பிடிக்கக் கீழே போ, பின்னால் இருப்பவர் வந்து சேர மேலே போ. நெருங்குவதற்குக் கருவி வேகம் அல்ல, உயரம்.

தெரிந்தே இருந்தும் கைவராதது

இந்தக் கணக்கு பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். கையில் கட்டுப்பாட்டுப் பிடியோடு, கண்ணெதிரே இலக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவருக்கு அது கைவருவது வேறு விஷயம்.

1965 ஜூன் 3. ஜெமினி 4-இன் தலைவர் ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களைச் சுமந்து வந்த டைட்டன் ராக்கெட்டின் காலியான மேலடுக்கை நெருங்க முயன்றார். கலத்தில் ரேடார் இல்லை. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். கீழே பிரகாசமாகப் போகும் பூமியின் பின்னணியில் அது எளிதல்ல. மேலடுக்கோ மிச்ச எரிபொருளைக் கசியவிட்டபடி நகர்ந்துகொண்டிருந்தது. மெக்டிவிட் விமானி செய்வதையே செய்தார்: மூக்கை இலக்கை நோக்கித் திருப்பி உந்தினார். இலக்கு விலகியது. மறுபடி உந்தினார், மறுபடி விலகியது. நகர்த்தும் எரிபொருள் பாதியளவுக்கு அருகில் கரைந்த பிறகு முயற்சி கைவிடப்பட்டது.

இதை அவருடைய திறமைக் குறைவு என்று எழுதுவோர் உண்டு, அது சரியல்ல. எந்தத் திசையில் எவ்வளவு உந்த வேண்டும் என்று கணித்துச் சொல்ல அந்தக் கலத்தில் எதுவும் இல்லை. அதே மெக்டிவிட் 1969 மார்ச்சில் அப்பல்லோ 9-இன் தலைவராக, நிலவுக்கலத்தில் 180 கி.மீ.க்கும் மேல் விலகிப் போய் தாய்க்கலத்தைத் திரும்பப் பிடித்தார். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் உருவானது ஒரு முழுமையான செய்முறை.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 1962 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் வோஸ்டாக் 3, வோஸ்டாக் 4 என இரு கலங்களை ஒரு நாள் இடைவெளியில் ஏவியது. ஒரு கட்டத்தில் இரண்டும் சுமார் 6.5 கி.மீ. நெருக்கத்தில் வந்தன. உலகின் முதல் விண்வெளிச் சந்திப்பு என்று அதைப் பலர் எழுதினார்கள். அந்தக் கலங்களுக்குப் பாதையை மாற்றும் வசதி இல்லை. துல்லியமாக நேரம் பார்த்து ஏவியதால் ஒன்றையொன்று கடந்து போயின, பிறகு விலகின. எதிரெதிர் நடைமேடையில் இரண்டு ரயில்கள் கடப்பதைச் சந்திப்பு என்று சொல்ல முடியாது. ஏவிய துல்லியம் உயர்ந்தது, அதை மறுப்பதற்கில்லை.

சந்திப்பின் படிகள்

ஜெமினியில் உருவான செய்முறை இது.

முதல் வேலை தளம். சுற்றுப்பாதையை ஒரு தட்டின் விளிம்பு என்று வைத்துக்கொண்டால், அந்தத் தட்டு எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதுதான் தளம். இரண்டு கலங்களும் ஒரே தட்டில் இருக்க வேண்டும். வெறும் 1 பாகை சாய்வைத் திருத்த நொடிக்கு சுமார் 135 மீட்டர் வேக மாற்றம் வேண்டும், 10 கி.மீ. உயரத்தை மாற்றுவதைப்போல 20 மடங்குக்கும் மேல். மேலே போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று விட முடியாத செலவு இது. பூமி சுழலச் சுழல ஏவுதளம் இலக்கின் தட்டுக்கு அடியில் வரும் நேரம் பார்த்துத்தான் ஏவ வேண்டும். ஏவும் நேரத்தைச் சில நிமிடங்களுக்குள் அடக்குவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, இலக்குக்குப் பின்னாலும் கீழுமாகப் பாதையில் நுழைந்து, சுற்றுக்குச் சுற்று இடைவெளியைக் குறைப்பது. ஒரே பாய்ச்சலில் நெருங்காமல், இலக்குக்குச் சரியாக 28 கி.மீ. கீழே ஒரு பாதையில் நிலைகொள்வார்கள். அங்கிருந்து பார்த்தால் இலக்கு தொடுவானத்துக்கு மேலே மெதுவாக ஏறிக்கொண்டே வரும்.

அது சுமார் 27 பாகை உயரத்துக்கு வரும்போது, இடைவெளி ஏறத்தாழ 60 கி.மீ. இருக்கும்போது, கடைசிக் கட்ட உந்துதல். இந்தக் கோணத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அந்தக் கணத்தில் உந்த வேண்டிய திசையும் இலக்கு தெரியும் திசையும் ஒன்றாக அமையும். கணினி செத்துப்போனாலும் விமானி மூக்கை இலக்கின் மேல் வைத்து உந்தலாம். மெக்டிவிட்டுக்கு எதிராகப் போன உள்ளுணர்வு, சரியான இடத்தில் சரியான நேரத்தில் பயன்படுத்தினால் துணைக்கு வருகிறது. இந்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அதன்பின் பூமியை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் சுற்றுவதற்குள், அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமாக, மேலேறி இலக்கைச் சேர வேண்டும். வழியில் சரியாகப் போகிறோமா என்று பார்க்க விண்மீன்களே அளவுகோல். குறுக்குச் சாலையில் வரும் லாரி நம் கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் உறுதி என்று ஓட்டுநர்களுக்குத் தெரியும். இங்கே அதுவே விருப்பம். விண்மீன்களின் பின்னணியில் இலக்கு நகராமல் நின்றால் பாதை சரி. நகர்ந்தால் அதை நிறுத்தும் அளவுக்குப் பக்கவாட்டில் சிறு உந்துதல்.

கடைசியாக, படிப்படியாக பிரேக். அப்பல்லோவில் வழங்கிய அட்டவணைப்படி 1.8 கி.மீ. தூரத்தில் நொடிக்கு 9 மீட்டர், 900 மீட்டரில் 6, 450 மீட்டரில் 3, 150 மீட்டரில் 1.5. சீக்கிரமே குறைத்துவிட்டால் இலக்கு நழுவும், எரிபொருள் வீணாகும். தாமதித்தால் இலக்கைத் தாண்டிப் போய், எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

இந்தப் படிகள் முதன்முதலில் முழுமையாக நடந்தது 1965 டிசம்பர் 15. அக்டோபரில் ஜெமினி 6-க்கு இலக்காக ஏவிய ஆளில்லா அஜீனா கலம் அழிந்துபோனதால், ஏற்கெனவே திட்டமிட்டிருந்த ஜெமினி 7-ஐயே இலக்காக்கினார்கள். டிசம்பர் 12 அன்று ஜெமினி 6ஏ-இன் எஞ்சின்கள் எரியத் தொடங்கி ஒரு நொடியில் நின்றன. ஒரு மின் இணைப்பு முன்கூட்டியே கழன்றுவிட்டது. கலத்தின் தலைவர் வால்டர் ஷிரா, விமானிகளை இருக்கையோடு வெளியேற்றும் பிடியை இழுக்காமல் பொறுத்திருந்தார். இழுத்திருந்தால் கலம் பாழாகியிருக்கும். மூன்று நாள் கழித்து, ஏறத்தாழ 2,000 கி.மீ. பின்னாலிருந்து தொடங்கி, சுமார் ஆறு மணி நேரத்தில் ஜெமினி 7-ஐ அடைந்தார்கள். நெருங்கிய குறைந்தபட்ச தூரம் ஓர் அடி. ஐந்து மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்தே பறந்தார்கள். இவ்வளவு நெருக்கத்தில், நிமிடக் கணக்கில் முடியும் நகர்வுகளில், சுற்றுப்பாதையின் தலைகீழ் விதி கையில் உறைக்காது. நேராக உந்தினால் நேராகப் போகும்.

தொட்டுப் பூட்டுவது

சந்திப்பு முடிந்தால் இணைப்பு எளிது என்று தோன்றும். முதல் இணைப்பே அதற்குப் பதில் சொன்னது.

1966 மார்ச் 16 அன்று ஜெமினி 8-இல் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் அஜீனாவோடு இணைந்தார்கள். அரைமணி நேரத்துக்குள் இணைந்த கலங்கள் உருளத் தொடங்கின. தொந்தரவு அஜீனாவில்தான் என்று நினைத்து அதைக் கழற்றிவிட்டார்கள். உண்மையில் ஜெமினியின் சொந்த உந்துகருவிகளில் எட்டாம் எண் நிற்காமல் எரிந்துகொண்டிருந்தது. அதுவரை அஜீனாவின் கனம் அந்த உருளலைத் தணித்து வைத்திருந்தது. அது போனதும் இலேசான ஜெமினி நொடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று என்ற வேகத்துக்குப் போனது. பார்வை மங்கத் தொடங்கியது. ஆம்ஸ்ட்ராங் முதன்மை உந்துகருவித் தொகுதி முழுவதையும் அணைத்துவிட்டு, பூமிக்குத் திரும்பும்போது பயன்படுத்த மூக்கில் வைத்திருந்த தனித் தொகுதியை இயக்கி உருளலை நிறுத்தினார். அந்தத் தொகுதியைத் தொட்டால் உடனே இறங்க வேண்டும் என்பது விதி. பயணம் 11 மணி நேரத்துக்குள் பசிபிக்கில் முடிந்தது.

மற்ற பயணங்களையும் விரைந்து பார்க்கலாம். ஜெமினி 9ஏ-க்கு இலக்காக நின்ற கலத்தின் மூக்கு உறை கழலாததால் இணைய முடியவில்லை. ஜெமினி 11 முதல் சுற்றிலேயே இலக்கைப் பிடித்தது. நிலவிலிருந்து அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் செய்ய வேண்டியதற்கு ஒத்திகை அது. ஜெமினி 12-இல் ரேடார் செயலிழந்தபோது, சந்திப்புக் கணக்கிலேயே முனைவர் பட்டம் பெற்றிருந்த பஸ் ஆல்ட்ரின் கோணமானியையும் அட்டவணைகளையும் வைத்து வழி சொன்னார்.

இதுவரை: தளம் பொருத்து, கீழிருந்து நெருங்கு, 28 கி.மீ. கீழே நிலைகொள், 27 பாகையில் உந்து, படிப்படியாக வேகம் குறை, தொடு.

நிலவைச் சுற்றி

1969 ஜூலை 21 அன்று ஈகிளின் மேல்பாதி நிலவிலிருந்து எழும்பியது. சுமார் 7 நிமிட எரிப்பில், ஒருபுறம் 17 கி.மீ., மறுபுறம் 84 கி.மீ. உயரமுள்ள நீள்வட்டத்தில் நுழைந்தது. மைக்கேல் காலின்ஸ் தனியாக இருந்த தாய்க்கலமான கொலம்பியா சுமார் 110 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. 84-க்கும் 110-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஈகிள் தன் பாதையை வட்டமாக்கியபோது அது கொலம்பியாவுக்கு ஏறத்தாழ 28 கி.மீ. கீழே இருந்தது. ஜெமினியின் அதே எண். உயர வித்தியாசத்தை 9.4-ஆல் பெருக்கும் கணக்கும் நிலவுக்கு அப்படியே பொருந்தும், ஆகவே ஒரு சுற்றுக்கு சுமார் 260 கி.மீ. நெருக்கம்.

ஈகிள் தவறான பாதையில் வந்தால் கொலம்பியாவே இறங்கிப் போய்ப் பிடிக்க வேண்டும். அதற்காக 18 விதமான மாற்றுச் சந்திப்புகளின் குறிப்பேட்டைக் காலின்ஸ் கைக்கெட்டும்படி வைத்திருந்தார். அதைப் பிரிக்க வேண்டி வரவில்லை.

கிளம்பி சுமார் 3 மணி 40 நிமிடத்தில் கொலம்பியாவின் மூக்கிலிருந்த கூர்முனை, ஈகிளின் கூம்பு வடிவக் குழிக்குள் நுழைந்து, மூன்று சிறு கொக்கிகளால் பற்றிக்கொண்டது. இழுத்துச் சேர்க்கும்போது இரண்டு கலங்களும் எதிர்பாராமல் பக்கவாட்டில் திமிறின. காலின்ஸ் நிதானமாக நேராக்கினார். வளையத்தைச் சுற்றியிருந்த 12 தாழ்ப்பாள்கள் பூட்டிக்கொண்டன. சுரங்கப்பாதையின் கதவு திறந்தது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் 21.5 கிலோ நிலவுக் கல்லும் மண்ணும் இந்தப் பக்கம் வந்தார்கள். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, வேலை முடிந்த ஈகிளைக் கழற்றிவிட்டார்கள்.